பாட்டுப் பெட்டியும் ஹவுசி டிக்கெட்டும்

என் பேச்சை நம்பித்தான் நண்பன் பேண்டு செட்டை வேண்டாம் என்று சொன்னான்.

அவன் மகளுக்குக் கல்யாணம். பெங்களூர் விவேக் நகரில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவனுடைய மரவேலைப் பட்டறை. நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். ஞானஸ்நானம், பிறந்தநாள், கல்யாணம், எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. அதிகம் பேச வராது. பேசாதவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு.

நிச்சயதார்த்தம் எங்கள் மாதா கோவில் பங்கு ஹாலில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஹெப்பகோடிப் பக்கம். அவர்களும் கோவிலுக்குப் போகிறவர்கள்தான், பூசை மட்டும் கன்னடத்தில். அன்றைக்குப் பேண்டு செட் தமிழ்ப் பாட்டு வாசித்தது, இங்கிலீஷ் பாட்டு வாசித்தது. மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்தில் இருந்த என்னிடம் கேட்டார்.

"நம்மது ஒந்து ஹாடூ இல்வா?"

எங்கள் பாட்டு ஒன்றுகூட இல்லையா என்று. பேண்டு மாஸ்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். என் டிரங்குப் பெட்டியைத் திறந்து தேடினேன். இருநூறு கேசட் இருந்தது. கன்னடத்தில் ஒன்றும் இல்லை. அந்தம்மா கோபப்படவில்லை. "இருக்கட்டும்" என்று சிரித்தார். கேக் வெட்டுவதற்கு முன்பே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். மணப்பெண் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று அப்புறம் அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் நண்பன் பட்டறையில் என்னை உட்கார வைத்தான்.

"மச்சான், எம்பொண்ணு காலம் பூரா அந்தம்மா கூடத்தான் இருக்கணும். அவுங்க வூட்ல வேற ஆளு இல்ல. கல்யாணத்துல அந்தம்மா கேட்ட பாட்டு வரணும். இன்னா கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. கேட்டா வரணும். அவ்ளோதான்."

"வரும்" என்றேன்.

"பேண்ட வேணாம்னு சொல்லிடட்டா?"

"சொல்லிடு."

எப்படி வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. வீட்டு மாடியில் ஒன்று பார்த்திருந்தேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

மாடியில் குடியிருந்தவள் கரூர்ப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தண்ணீர்த் தொட்டி வால்வு ரிப்பேர் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போயிருந்தேன். அவள் அறையில் பாட்டு ஓடியது. டேப் எதுவும் கண்ணில் படவில்லை.

"பாட்டு எங்கேருந்து வருது?"

"இந்த கம்ப்யூட்டர்ல இருந்துதானுங்ண்ணா."

"கேசட் எங்க?"

"கேசட்டே இல்லீங்ண்ணா. பாட்டு இதுக்குள்ளயே இருக்குதுங்க."

ஒரு பாட்டு முடிந்தது. அடுத்ததை எடுத்தாள். நாடா சுற்றவில்லை, பக்கம் திருப்பவில்லை. நான் இருபது வருடமாக நாடாவோடு வேலை செய்கிறவன். ஒரு பாட்டின் ஆரம்பத்தைப் பிடிக்க முன்னும் பின்னும் ஓட்டி, காது வைத்துக் கேட்டு, மறுபடி ஓட்டுவேன். கூட்டம் பொறுமையில்லாமல் முறைக்கும். இவள் ஒரு விரலை வைத்தாள், பாட்டு முதல் எழுத்திலிருந்து வந்தது. வால்வை மாட்டாமலே கீழே வந்துவிட்டேன். மறுபடியும் போய் மாட்டினேன்.

நண்பனிடம் வாக்குக் கொடுத்த அன்று சாயந்திரம் அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எத்தனை நாளுங்ண்ணா இருக்குது?" என்றாள்.

"ஏழு வாரம்."

"செஞ்சர்லாங்க. ஆனா புது மெசின் வேண்டாம். பழசு போதும்."

எஸ்.பி. ரோட்டுக்கு என்னோடு வந்தாள். கம்பெனிகள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களை அங்கே காய்கறி மாதிரிக் குவித்து வைத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்து பொறுக்கினாள். ஒன்றிலிருந்து தலை, ஒன்றிலிருந்து உடம்பு. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும் வருகிற ஒரு குட்டி டிவி. "கலரு நமக்கெதுக்குங்ண்ணா?" என்றாள். பாட்டு இருக்கப்போகிற ஹார்ட் டிஸ்க்கைத் தனியாக என் கையில் கொடுத்தாள். சாப்பாட்டு டப்பாவைவிடச் சின்னது.

வீட்டுக்கு வரும் வழியில் பழைய பேப்பர் கடைத் தராசில் அதை வைத்து எடை பார்த்தேன். பிறகு அவள் அதில் பாட்டு ஏற்றினாள். ஃபுட்பாத்தில் விற்ற சிடிகள், ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு. கன்னடத் தட்டுகளை என் மனைவி தன் பள்ளித் தோழிகளிடம் வாங்கி வந்தாள். எழுநூற்றுப் பன்னிரண்டு பாட்டு ஏறியது. மறுபடியும் கடைக்குக் கொண்டுபோய் எடை பார்த்தேன். அதே எடை. ஒரு கிராம் ஏறவில்லை.

கடைக்காரர், "இன்னாண்ணே, விக்கறியா?" என்றார்.

"இல்ல."

எழுநூறு பாட்டுக்கு எழுபது கேசட்டாவது வேண்டும். எழுபது கேசட்டைத் தூக்கினால் எனக்குத் தோள் வலிக்கும். மாடிப் பெண்ணிடம் எடை பார்த்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்காமல் டிஸ்க்கைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, "நான் இதுவரைக்கும் அப்படி நெனச்சுப் பாத்ததே இல்லீங்ண்ணா" என்றாள்.

அடுத்த சிக்கல் பெயர். பாட்டுப் பெயரை அவள் இங்கிலீஷில் அடித்தாள். எனக்கு இங்கிலீஷ் வராது. மனைவி பிறந்தது வளர்ந்தது இங்கேதான், படித்தது கன்னடப் பள்ளியில். வீட்டில் தமிழ் பேசுவாள், தமிழ் எழுத்து தெரியாது. எனக்குக் கன்னட எழுத்து தெரியாது. கல்யாணத்துக்கு வருகிறவர்களும் இப்படித்தான். இருக்கிற வீட்டிலேயே மூன்று எழுத்து.

"எல்லாருக்கும் தெரிஞ்ச எழுத்து எதுங்ண்ணா?" என்றாள் அவள்.

"நம்பர்" என்றேன். "பஸ்ஸுல போர்டு யாரு படிக்கறா? நம்பர் பாத்துதான ஏறுறோம்."

அதோடு பெயரை விட்டோம். ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று இலக்க நம்பர். நம்பரை அடித்து ஒரு பொத்தானை அமுக்கினால் அந்தப் பாட்டு வரும். கீபோர்டில் வலது ஓரத்தில் இருந்த எண்களையும் ஒரு பெரிய பொத்தானையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் பிடுங்கினேன். பிடுங்கின இடத்தை நண்பன் பலகை போட்டு மூடினான். பெரிய பொத்தானுக்கு மனைவி தன் நகப்பாலீஷைச் சிவப்பாக இரண்டு தடவை பூசினாள்.

"இதுல யாராவது தப்பு பண்ண முடியுமா?" என்று நண்பன் கேட்டான்.

"முடியாது" என்றேன். அதுதான் நான் சொன்ன தப்பு.

ஒருவர் பாட்டு ஓடும்போது இன்னொருவர் அமுக்கினால் என்ன செய்வது என்று மாடிப் பெண் கேட்டாள். ஓடுகிற பாட்டை வெட்டக் கூடாது. நான் ஜன்னல் வழியாகத் தெருக் குழாயைக் காட்டினேன். குடங்கள் வரிசையாக இருந்தன. வைத்தவர்கள் யாரும் அங்கே இல்லை. குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி.

"அந்த மாதிரி" என்றேன்.

"அப்ப ஒரே ஆளு பத்து குடம் வெச்சா?" என்று மனைவி கேட்டாள். "அந்த எதிர் வீட்டுக்காரி மாதிரி?"

"வரிசையில இருக்கற நம்பரையே மறுபடி போட்டா எடுத்துக்காத மாதிரி எழுதிர்றனுங்க்கா" என்றாள் அவள்.

இரண்டு நாளில் எழுதிவிட்டாள். தெருக் குழாய்ச் சட்டம் அந்தத் தகர டப்பாவுக்குள் போய்விட்டது. நான் ஐந்து நம்பர் அடித்துவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். திரும்பி வந்தபோது மூன்றாவது குடம் நிரம்பிக்கொண்டிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த அறைக்குள் போக எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கோவிலில் யாரோ தனியாக ஜெபம் செய்யும்போது உள்ளே நுழைந்த மாதிரி.

மீதி இருந்தது, எந்த நம்பரில் எந்தப் பாட்டு என்று ஜனங்களுக்குச் சொல்வது. ஒரே நோட்டுப் புத்தகம் வைத்தால் எல்லோரும் அதன் மேல் விழுவார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு கொடுக்கலாம், சீட்டுக்கு ஆறு பாட்டு, வேறு வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவர் சீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். முந்நூறு பேர். முந்நூறு சீட்டு. தாளுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது நண்பன் பங்கு ஹால் பீரோவிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தான். கோவில் திருவிழாவில் நம்பர் கூப்பிடக் கூப்பிட அடித்து விளையாடுவதற்கு அச்சடித்து மிஞ்சிய ஹவுசி டிக்கெட். நல்ல கெட்டித் தாள். முன்பக்கம் கட்டம் போட்டு எண்கள். பின்பக்கம் காலி.

மனைவியும் நானும் பத்து நாள் உட்கார்ந்து பின்பக்கத்தில் எழுதினோம். தமிழ்ப் பாட்டை நான் தமிழில். கன்னடப் பாட்டை அவள் கன்னடத்தில். நம்பரைச் சிவப்பு மையில் பெரிதாக. மாடிப் பெண் வந்து பார்த்து, "அழகா இருக்குதுங்ண்ணா" என்றாள். அவள் ஊரில் ஹவுசி கிடையாது. எங்களுக்கு எல்லாம் தெரியும், எங்களுக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று பூசை முடிந்து பன்னிரண்டரைக்கு எல்லோரும் ஹாலுக்கு வந்தார்கள். நாற்காலிக்கு ஒரு சீட்டு வைத்திருந்தோம். பெட்டி மேடைக்குக் கீழே, முன்னால். நண்பன் ஹாலின் பழைய பெஞ்சுப் பலகையை இழைத்துச் செய்த பெட்டி. இரண்டு பக்கமும் என் ஸ்பீக்கர்கள். பச்சைத் திரையில் மூன்று சைபர். நான் சுவரோரம் நின்றுகொண்டேன். யாராவது வந்து அமுக்குவார்கள் என்று பார்த்தேன்.

ஒருவரும் வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பச்சைப் பட்டுப் புடவை. கை மடியில். மேடையிலிருந்து மணப்பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் போனது. பேண்டும் இல்லை, பாட்டும் இல்லை. கல்யாண ஹால் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. ஜனங்கள் பேனா தேடினார்கள்.

"கல்யாணத்துலயே ஹவுசி வெச்சுட்டானே. ப்ரைஸ் இன்னாவாம்?"

"மிக்ஸியாம்."

"யார் சொன்னா?"

"வேற இன்னா குடுப்பான்?"

"மொதல் அஞ்சு நம்பருக்கு ஜல்தி ஃபைவ் ப்ரைஸ் உண்டா?"

"ஏய், எனக்கு ஒரு பேனா குடுடி. ரெண்டு வெச்சிருக்க இல்ல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஹாலில் கட்டம் போட்ட டிக்கெட் கையில் வந்தால் யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். பேனாவை எடுப்பார்கள், நம்பர் கூப்பிடக் காத்திருப்பார்கள். சின்ன வயதிலிருந்து பழக்கம். உட்கார்ந்த இடத்தில் முந்நூறு பேரும் குனிந்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்பர் கூப்புடு அண்ணே, பிரியாணி ஆறிடும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நண்பன் வேர்த்துப்போய் ஓடி வந்தான். "இன்னாடா மச்சான் இது?"

"ஹவுசின்னு நெனச்சுட்டாங்க."

"மைக்ல சொல்லுடா. திருப்பிப் பாக்கச் சொல்லு."

மைக்கை எடுத்தேன். எத்தனையோ ஹாலில் மைக் கட்டியிருக்கிறேன். அதில் நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம்தான். முந்நூறு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் வாய் அதையே சொன்னது.

"ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன். டூ. த்ரீ."

முந்நூறு தலையும் குனிந்தது. பேனா கீறும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒன்னு இருக்கு."

"மூணும் இருக்குடி எனக்கு, மூணும்."

"மெதுவா சொல்லுய்யா. டூவுக்கு அப்பறம் இன்னா?"

மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் எங்கள் தெரு டெய்லர் அக்கா. அவர் அந்தம்மாவுக்கு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நம்பர் சொல்லுவாங்கம்மா. இருந்தா அடிச்சிடுங்க." அந்தம்மா தலையாட்டினார். ஆனால் அடிக்கவில்லை. அவர் கோவிலில் இந்த விளையாட்டு இல்லை போலிருக்கிறது. கட்டத்தைப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் டிக்கெட்டைத் திருப்பினார். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். என் மனைவியின் எழுத்தைப் படித்தார். உதடு அசைவது சுவரோரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

பிறகு டெய்லர் அக்காவின் டிக்கெட்டைக் கேட்டார்.

"ஐயோ, அது என்துமா. மாத்தக் கூடாது" என்றார் அக்கா.

"பேடம்மா, ஹிந்தே நோடபேகு அஷ்டே." வேண்டாம், பின்னால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா டிக்கெட்டை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூக்கிக் காட்டினார். அந்தம்மா கீழே குனிந்து அதன் பின்பக்கத்தைப் படித்தார். அதில் இல்லை. அந்தப் பக்கத்து ஆளின் டிக்கெட்டைப் படித்தார். முன்வரிசையில் ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தார். அங்கே நின்றுவிட்டார். விரலை வைத்து ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. எழுந்தார்.

"யாருக்கோ விழுந்துடுச்சு" என்று ஒருவர் சொன்னார்.

"மூணே நம்பர்லயா?"

அந்தம்மா நேராகப் பெட்டிக்கு வந்தார். மூன்று எண்களை ஒவ்வொன்றாக அடித்தார். பச்சைத் திரையில் வந்ததைச் சரிபார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சிவப்புப் பொத்தானைக் காட்டினேன். அமுக்கினார்.

பெட்டிக்குள் டிஸ்க் ஒரு தடவை முனகியது. அரை நொடி ஒன்றுமில்லை. அந்த அரை நொடி எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. பிறகு புல்லாங்குழல் வந்தது. அதன் பின்னால் ஒரு பெண் குரல், பழைய கன்னடப் பாட்டு, மெதுவாக. நான் அதுவரை முழுதாகக் கேட்டதில்லை. ஸ்பீக்கர் என்னுடையது, ஒயர் நான் இழுத்தது, பெட்டியைப் பிரித்து மாட்டியது நான். இருந்தும் அது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. யாரும் தேடவில்லை, யாரும் வாசிக்கவில்லை. ஹெப்பகோடியிலிருந்து வந்த ஒரு பெண் தன் விரலால் கேட்டார். வந்தது.

அந்தம்மா உள்ளங்கையைப் பலகை மேல் வைத்தார். எடுக்கவே இல்லை. அவரும் பாடினார். சத்தமில்லை, வாய் மட்டும்.

"அந்தம்மாவுக்கு ஃபுல் ஹவுஸா? எல்லா நம்பரும் அடிச்சாச்சா?" என்று பின்னால் கேட்டார்கள்.

என் மனைவி நடுவில் போய் நின்றாள். "திருப்புங்கடி. பின்னாடி திருப்பிப் பாருங்க. பத்து நாளா எழுதி கை ஒடிஞ்சு போச்சு எங்களுக்கு. ஹவுசியாம் ஹவுசி."

முந்நூறு தாள் ஒரே நேரத்தில் திரும்பியது. மழை பிடித்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கொஞ்சம் அமைதி, படிக்கிற அமைதி. பிறகு நாற்காலிகள் நகர்ந்தன.

வரிசை வாசல் வரை போனது. கிழவர்கள் வந்தார்கள், அடித்தார்கள், சிவப்பை அமுக்கிவிட்டுக் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்கள். தமிழ், கன்னடம், மாதா பாட்டு, டப்பாங்குத்து, வைத்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. டெய்லர் அக்கா தன் பாட்டு வரும்வரை பெட்டிப் பக்கத்தை விட்டு நகரவில்லை. "என் நம்பர வேற யாராவது அடிச்சுடப் போறாங்க" என்றார். நண்பன் என்னிடம் வந்தான். "சாப்ட்டியா?" என்றான். "இல்ல" என்றேன். போய் ஒரு தட்டு பிரியாணி எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு நின்றான். மாடிப் பெண் சுவரில் சாய்ந்து, தான் எழுதியதை முந்நூறு பேர் அமுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணப்பெண் மேடையை விட்டு இறங்கி வந்தாள். வெள்ளைப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமியார் பக்கத்தில் நின்றாள். அந்தம்மா இன்னொரு சீட்டு வைத்திருந்தார். கண்ணாடியைத் தள்ளிப் பிடித்து நம்பரைப் படித்தார்.

"நீனே ஒத்தம்மா" என்றார். நீயே அமுக்கு என்று. "ஆறு. சொன்னெ. எண்டு."

ஹாலில் சத்தம். அவளுக்குக் கன்னடம் தெரியும், ஆனால் அந்தச் சத்தத்தில் சைபருக்குச் சொன்ன 'சொன்னெ' சரியாகக் கேட்டது, எட்டுக்குச் சொன்ன 'எண்டு' அவள் காதில் நம்முடைய 'ரெண்டு' என்று விழுந்தது. ஆறு, சைபர், இரண்டு அடித்துச் சிவப்பை அமுக்கினாள். முன்னால் இருந்த பாட்டுகள் தீரும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். அந்த நம்பர் வந்தபோது உடுக்கையும் தவிலுமாக ஒரு குத்துப் பாட்டு வெடித்தது.

அந்தம்மா திடுக்கிட்டுப் பின்னால் ஒரு அடி வைத்தார். பிறகு சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. மணப்பெண் முதலில் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவளுக்கும் வந்துவிட்டது.

"எண்டு, கணே. எண்டு." அந்தம்மா எட்டு விரலை விரித்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

அவள் ஆறு அடித்தாள். சைபர் அடித்தாள். எட்டை அமுக்கும்போது அந்தம்மா அவள் விரல் மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். இவர்களுக்கு முன்னால் வரிசையில் இன்னும் பதினோரு பாட்டு இருந்தது. சாப்பிட வரச் சொல்லி மூன்று பேர் வந்து கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் போகவில்லை.